இரண்டு சர்வர், ஒரு டிஸ்க்: மவுண்டை யார் கையில் கொடுப்பது?

திருப்பூரில் நான் கவனிக்கும் பனியன் கம்பெனியின் சர்வர் அறை, பேக்கிங் பிரிவுக்குப் பின்னால் எட்டுக்கு எட்டு இருக்கும். இரண்டு சர்வர், நடுவில் ஒரே ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. ஆர்டர், நூல் கணக்கு, பீஸ் ரேட் சம்பளம் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில்; பையர் அனுப்பும் டிசைன் ஃபைல்கள் ஒரு ஷேர் ஃபோல்டரில். ஒரு சர்வர் படுத்தால் இன்னொன்று வேலையைத் தொடர வேண்டும். அதற்கு முதல் காரியம், பெட்டியில் உள்ள ஃபைல் சிஸ்டத்தை (டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு) அந்த நேரத்தில் சரியான சர்வரில் மவுண்ட் செய்வது, அதாவது அந்த சர்வர் படிக்கவும் எழுதவும் இணைத்துக் கொடுப்பது. இதற்கு லினக்ஸில் நாலைந்து வழி உண்டு. பெரும்பாலானவற்றில் அடிபட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மவுண்ட் செய்வது ஒரு வரிக் கட்டளை. பழைய சர்வர் கையை விட்டுவிட்டதா என்று உறுதி செய்வதுதான் பாடாய்ப் படுத்தும். கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு பருவம், இரட்டைப்படை மதகுகளுக்கு ஒரு பருவம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். 2,07,000 ஏக்கரும் ஒட்டுக்கா பாய்வதில்லை. எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்ட்4 போன்ற சாதாரண ஃபைல் சிஸ்டங்களும் அப்படித்தான், ஒரு நேரத்தில் ஒரு சர்வர். வாய்க்காலில் முறை மீறினால் சண்டை வரும், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். டிஸ்கில் மீறினால் பேச எதுவும் மிஞ்சாது.

எல்லோரும் தொடங்கும் இடம் எஃப்எஸ்டேப் கோப்பு. அதில் ஒரு வரி எழுதினால் சர்வர் எழும்போதே மவுண்ட் ஆகிவிடும். தனி சர்வருக்கு இதைவிட நல்லது கிடையாது. கிளஸ்டருக்கு, அதாவது ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் சர்வர் கூட்டத்துக்கு, இதைவிட ஆபத்தும் கிடையாது. பழகிய இன்னொரு கம்பெனியில் இரண்டு சர்வரிலும் ஒரே வரி இருந்தது. மாதாந்திர மின் பராமரிப்பு நாள், நம் ஊர் பாஷையில் ஷட்டவுன். ஜெனரேட்டரும் மக்கர் செய்ய, சாயங்காலம் கரண்ட் வந்ததும் இரண்டு சர்வரும் சேர்ந்தே எழுந்தன, சேர்ந்தே மவுண்ட் செய்துகொண்டன. ஒரு பிழையும் திரையில் வரவில்லை. அதுதான் கொடுமை. ஒன்று எழுதியது மற்றொன்றுக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் தன் மெமரியில் இருப்பதே உண்மை என்று நம்பி எழுதிக்கொண்டே போனது. ராத்திரி "ஸ்ட்ரக்சர் நீட்ஸ் க்ளீனிங்" என்ற செய்தி வரும்போது சுத்தம் செய்ய ஒன்றும் பாக்கியில்லை. முந்தைய நாள் பேக்கப்பிலிருந்து எடுத்து, ஒரு நாள் செக்கிங் கணக்கை நோட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். "ஏனுங் தம்பி, ஒரு சர்வர் இருந்தப்ப இந்தத் தொல்லை இல்லீங்களே?" என்றார் அந்தக் கம்பெனி மானேஜர். "இல்லீங்ண்ணா" என்பதைத் தவிரச் சொல்ல வாயில் எதுவும் வரவில்லை.

"ரீட்-ஒன்லியாக இரண்டாவதில் மவுண்ட் செய்தால் பரவாயில்லையே" என்று சிலர் கேட்பார்கள். அதுவும் சரிப்படாது. ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) மவுண்டிலும் ஜர்னலை, அதாவது முடியாமல் நின்ற எழுத்துகளின் குறிப்பேட்டை, ஓட்டிப் பார்க்கும் வேலை நடக்கும், அப்போது டிஸ்கில் எழுத்து விழும்.

எஃப்எஸ்டேபையே வைத்துக்கொள்வதென்றால் நோ-ஆட்டோ (தானாக மவுண்ட் ஆகாதே என்ற குறிப்பு) போட்டுவிட்டு, ஒன்று செத்ததும் கையால் இன்னொன்றில் மவுண்ட் செய்யலாம். இதை நான் கேலி செய்ய மாட்டேன். ஒரே ஷிஃப்ட், அரை மணி நேரம் நின்றால் குடிமுழுகாது, சர்வர் பார்ப்பவர் வீடு பக்கத்துத் தெரு என்றால் இதுவே போதும். செத்த சர்வரின் பிளக்கைக் கண்ணால் பார்த்துப் பிடுங்கும் மனிதனைவிட நம்பகமான சாட்சி எந்த மென்பொருளிலும் இல்லை. கூடவே எக்ஸ்ட்4 என்றால் எம்எம்பி என்ற பாதுகாப்பை இயக்கி வையுங்கள். மவுண்ட் செய்த சர்வர் சில விநாடிக்கு ஒருமுறை டிஸ்கில் அடையாளம் எழுதிக்கொண்டே இருக்கும். வேறொன்று மவுண்ட் செய்ய வந்தால், சற்றுக் காத்திருந்து பார்த்து, ஆள் உள்ளே இருந்தால் மறுத்துவிடும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் இந்த வசதி இல்லை. ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 வந்த 2014 முதல் அங்கே இயல்பாகக் கிடைப்பது எக்ஸ்எஃப்எஸ் என்பதால், நிறையப் பேர் இந்தக் காவல் இல்லாமலேயே ஓட்டுகிறார்கள்.

ஆள் இல்லாமல் ராத்திரியிலும் தானாக மாற வேண்டும் என்றால் கிளஸ்டரை நிர்வகிக்கும் பேஸ்மேக்கர் மென்பொருள்தான், அதில் ஃபைல்சிஸ்டம் என்ற ஏஜென்ட் (மவுண்டைக் கவனிக்கும் உதவி நிரல்). எந்த டிஸ்க், எந்த டைரக்டரி, என்ன வகை என்று மூன்று விவரம் கொடுத்தால் மவுண்ட், அன்மவுண்ட், இடையில் கண்காணிப்பு எல்லாம் அதன் பாடு. எல்விஎம் (டிஸ்கைத் துண்டு போட்டு நிர்வகிக்கும் அடுக்கு), ஃபைல்சிஸ்டம், ஐபி முகவரி, போஸ்ட்கிரெஸ் என்று ஒரே குரூப்பில் வரிசையாகக் கட்டினால் எழும்போது அந்த வரிசை, நிற்கும்போது தலைகீழ். எஃப்எஸ்டேபில் அந்த வரியை அழித்துவிட வேண்டும். இரண்டு முதலாளி இருந்தால் வேலை நடக்காது.

இதன் கண்காணிப்பில் ஒரு ஓட்டை உண்டு. சாதாரணமாக அது பார்ப்பது மவுண்ட் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை மட்டும். ஸ்டோரேஜ் கேபிள் கழன்றாலும் பட்டியலில் பெயர் அப்படியே இருக்கும். செக் லெவல் என்ற அமைப்பை 20 ஆக்கினால் ஒரு சின்னக் கோப்பை எழுதிப் படித்துப் பார்க்கும். நான் 20 தான் வைத்திருக்கிறேன்.

அன்மவுண்ட் விஷயத்தில் இந்த ஏஜென்ட் தயவு தாட்சண்யம் பார்க்காது. அந்த டைரக்டரியில் யாராவது கோப்பைத் திறந்து வைத்திருந்தால் அந்த புராசஸைக் கொன்றுவிட்டு அன்மவுண்ட் செய்யும். அப்படியும் ஒருமுறை மாட்டினேன். பராமரிப்புக்காக முதல் சர்வரை ஒதுக்கச் சொன்னேன். அன்மவுண்ட் ஆகவில்லை, "பிஸி". யார் பிடித்திருக்கிறார் என்று காட்டும் ஃப்யூசர் கட்டளையில் பார்த்தால் ஒரே வரி: ரூட், கெர்னல், மவுண்ட். கொல்வதற்கு ஒரு புராசஸும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, தையல் யூனிட்டுக்காக யாரோ டிசைன் ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபோல்டர் பகிர்வு) எக்ஸ்போர்ட் பட்டியலில் கையால் சேர்த்திருக்கிறார். என்எஃப்எஸ் சர்வர் கெர்னலுக்குள் ஓடுவது, அதனால் ஃப்யூசர் கண்ணில் படாது. நிறுத்தக் கொடுத்திருந்த 60 விநாடி முடிந்தது, ஸ்டாப் தோற்றது என்று பேஸ்மேக்கர் முடிவு கட்டி அந்த சர்வரையே ஃபென்சிங் செய்து, அதாவது டிஸ்கைத் தொட முடியாதபடி வலுக்கட்டாயமாக விலக்கி, ரீபூட் அடித்துவிட்டது. கோபம் வந்தாலும், செய்தது சரி. விட்டான் என்று நிரூபிக்க முடியாதவனை வெளியே தள்ளிவிட்டுத்தான் அடுத்தவனுக்கு முறை கொடுக்க வேண்டும்.

ஃபென்சிங் என்றதும் எங்கள் மானேஜர் தோட்டத்துக் கம்பி வேலி என்று நினைத்து, "சர்வருக்கு எதுக்குங்க வேலி?" என்றார். பெரும்பாலோர் ஐபிஎம்ஐ வழியாகச் செய்வார்கள்: ஒரு சர்வர் மற்றதன் போர்டில் உள்ள சின்னக் கன்ட்ரோலருக்குச் சொல்லிப் பவரை நிறுத்தும். அந்தக் கன்ட்ரோலருக்கும் அதே சர்வரின் பவர்தான். யுபிஎஸ் ஒன்று படுத்து ஒரு சர்வர் முழுக்க இருண்டால், கன்ட்ரோலரும் பதில் சொல்லாது. "செத்துவிட்டதா, பேசவில்லையா" என்று தெரியாமல் நல்ல சர்வர் கைகட்டி நிற்கும். கரண்ட் கட் நடக்கும் ஊரில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஒவ்வொரு சர்வரின் இரண்டு பவர் சப்ளையையும் தனித்தனி யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள், அல்லது ஸ்டோரேஜிலேயே ஒரு துண்டு ஒதுக்கி, அதன் வழியாக "நீ விலகு" என்று சொல்லும் எஸ்பிடியை வாட்ச்டாக்குடன் (சர்வர் சிக்கிக்கொண்டால் தானே ரீபூட் அடிக்கும் கடிகாரம்) வையுங்கள்.

எல்விஎம் சிஸ்டம் ஐடியையும் சேர்த்துக்கொள்வேன். பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவார்களே, அதுபோல வால்யூம் குரூப்பில் (எல்விஎம் கட்டும் டிஸ்க் தொகுப்பு) உரிமையாளர் சர்வரின் பெயர் பதிந்திருக்கும். பெயர் பொருந்தாத சர்வரில் அது ஆக்டிவேட் ஆகாது, டிஸ்கே திறக்காதபோது தவறிப்போய் மவுண்ட் செய்யவும் முடியாது.

லினக்ஸில் சேவைகளை எழுப்பி நிறுத்தும் சிஸ்டம்டிக்கு ஒரு மவுண்ட் யூனிட்டை எழுதி அதை பேஸ்மேக்கரிடம் கொடுப்பது இன்னொரு வழி. எழுத அழகாக இருக்கும். ஆனால் யூனிட் ஓடுகிறதா என்பதற்கு மேல் ஆழமான சோதனை கிடையாது. ஏற்கனவே ஏஜென்ட் இருக்கும்போது இது தேவையற்ற சுற்று.

ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம்கள் 2006 முதல் லினக்ஸ் கெர்னலில் உள்ளன. இரண்டு சர்வரும் ஒட்டுக்கா மவுண்ட் செய்யலாம் என்றதும் எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். எனக்கும் ஊறியது. ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டா டைரக்டரியில் இரண்டு சர்வரில் போஸ்ட்கிரெஸ் ஓட்ட முடியாது என்பதால் டேட்டாபேஸுக்கு ஒரு லாபமும் இல்லை. டிசைன் ஃபோல்டரில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஃபைல்களாக எழுதினால் லாக் (எழுதும் உரிமைப் பூட்டு) இங்கும் அங்கும் ஓடியே நேரம் போகும். ஃபென்சிங்கிலிருந்தும் தப்பிக்க முடியாது: ஒரு சர்வர் செத்தால், அது ஃபென்சிங் ஆகும்வரை மற்றதிலும் அந்த ஃபைல் சிஸ்டம் உறைந்து நிற்கும். ரெட்ஹாட் தன் 10ஆம் பதிப்பில் ஜிஎஃப்எஸ்2 ஆதரவை நிறுத்திவிட்டது. இனிமேல் புதிதாக அதில் இறங்குவது எனக்குச் சம்மதமில்லை.

தனி நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் ஸ்டோரேஜ்) வாங்கி என்எஃப்எஸ் வழியாக இரண்டிலும் மவுண்ட் செய்வது டிசைன் ஃபோல்டருக்கு நல்ல தீர்வு, ஆனால் ஒற்றை நாஸ் படுத்தால் இரண்டு சர்வரும் சும்மா.

இப்போது டேட்டாபேஸ் பேஸ்மேக்கரில், எக்ஸ்எஃப்எஸ்ஸில், சிஸ்டம் ஐடி, எஸ்பிடி காவலுடன் ஓடுகிறது. தையல் யூனிட்டின் எக்ஸ்போர்ட்டை எடுத்து அதே பேஸ்மேக்கர் குரூப்புக்குள் வைத்தாயிற்று. அடுத்த ஷட்டவுன் நாளில் ஓடும் சர்வரின் ஸ்டோரேஜ் கேபிளைப் பிடுங்கிப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். ஷிப்மெண்ட் போகாத நாளாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார் மானேஜர்.