ஆல்பத்துக்குத் தனிக் கட்டுரை தேறுமா? சான்று தேடும் தளங்கள், ஒரு மதிப்பீடு

ஓர் ஆல்பத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா, பாடகர் பற்றிய கட்டுரையில் ஒரு பத்தி போதுமா? ஆங்கில விக்கிப்பீடியாவின் இசை விதியில் இதற்கு முக்கியமான கேள்வி ஒன்றுதான்: கலைஞரோடும் வெளியீட்டு நிறுவனத்தோடும் தொடர்பில்லாத, நம்பகமான இடங்களில் பலர் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? தேசியத் தரவரிசை, விற்பனைக்கான தங்கச் சான்றிதழ், பெரிய விருதுக்கான பரிந்துரை ஆகியவையும் கணக்கில் வரும். பெரிய கலைஞர் வெளியிட்டார் என்பது மட்டும் கணக்கில் வராது. இந்தத் தேடலுக்கு எந்தத் தளம் உதவுகிறது, எது ஏமாற்றுகிறது என்று பார்ப்போம்.

இசை வெளியீடுகளின் தரவுத்தளமான டிஸ்காக்ஸ் தொடங்குவதற்கு நல்ல இடம், சான்றாகக் காட்டுவதற்கு உதவாத இடம். பயனர்களே நிரப்பும் தளம் என்பதால் அங்கே பக்கம் இருப்பது எதையும் நிரூபிக்காது. ஆனால் வெளியான ஆண்டு, நாடு, நிறுவனம், பட்டியல் எண் (வெளியீட்டுக்கு நிறுவனம் தரும் அடையாள எண்) எல்லாம் அங்கே கிடைக்கும். கலைஞரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பங்களைத் தேடும்போது இந்த எண்தான் கைகொடுக்கும். மியூசிக்பிரைன்ஸும் ரேட் யுவர் மியூசிக்கும் இதே வகைதான்.

அதிகம் பேரைத் தவறவைப்பது ஆல்மியூசிக் என்னும் இசைத் தகவல், விமர்சனத் தளம். தரவுத்தளத்திலிருந்து உருவாகும் பக்கங்கள் அங்கே ஏராளம். பல பக்கங்களில் நட்சத்திரமும் பாடல் பட்டியலும் மட்டுமே இருக்கும். அவை எதற்கும் உதவாது. விமர்சகர் பெயரோடு சில பத்திகள் இருந்தால் அது ஒரு நல்ல மூலம். ஆனால் ஒன்றே ஒன்று. பக்கவாட்டில் வரும் இசைவகைப் பட்டியலையும் மேற்கோளாகக் காட்டக் கூடாது. விமர்சனத்தின் உரையில் என்ன சொல்லியிருக்கிறதோ அதை மட்டும் எடுக்கலாம்.

2000-க்குப் பிந்தைய ஆல்பம் என்றால், பல இதழ்களின் விமர்சனங்களைத் திரட்டிச் சராசரி மதிப்பெண் தரும் மெட்டாக்ரிட்டிக்கை மிஞ்ச ஆளில்லை. குறைந்தது நான்கு விமர்சனங்கள் சேர்ந்தால்தான் அது மதிப்பெண் போடும்; எனவே மதிப்பெண் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைத்தான் பலரும் செய்வதில்லை. அங்கே தரும் ஓரிரு வரி மேற்கோளோடு நிற்காமல் மூல விமர்சனத்தைத் திறந்து, அது நாலு வரிக் குறிப்பா, முழு அலசலா என்று படிக்க வேண்டும். இணைப்பு வேலை செய்யாவிட்டால் அதே முகவரியைப் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் இட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பயனர் மதிப்பெண்ணை மறந்துவிடலாம்.

பழைய ஆல்பங்களுக்கு வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி ஒரு சுரங்கம். பில்போர்ட், கேஷ் பாக்ஸ், ரெக்கார்ட் வேர்ல்ட், மெலடி மேக்கர் இதழ்களின் ஸ்கேன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. குறை அதன் தேடலில்தான். இயந்திரம் படித்த எழுத்தில் பிழைகள் இருக்கும், தலைப்பு இரண்டு வரியாக உடைந்திருக்கும். முழுத் தலைப்பைத் தேடாமல் கலைஞரின் பெயரில் ஒரு சொல்லையும் நிறுவனப் பெயரையும் சேர்த்துத் தேடி, வெளியான மாதத்தையும் அடுத்த இரண்டு மாதங்களையும் புரட்டுவதே பலன் தரும். விளம்பரத்தை விமர்சனமாக எண்ணிவிடக் கூடாது. இசைத் தொழிலுக்கான வணிக இதழ்களின் ஒற்றைப் பத்தி அறிமுகங்களை, ஒரு கட்டுரையை நீக்கலாமா என்று விக்கிப்பீடியர்கள் பேசும் நீக்கல் உரையாடலில் பலர் விரிவான எழுத்தாக ஏற்பதில்லை. அமெரிக்க இசை விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவின் தளத்திலும் இதே சிக்கல்தான்: சில ஆல்பங்களுக்குக் கூர்மையான ஒரு பத்தி, சிலவற்றுக்கு, தேறாத ஆல்பம் என்பதைக் குறிக்கும் வெறும் வெடிகுண்டுப் படம். படத்தை வைத்துக் கட்டுரை எழுத முடியாது.

சான்றிதழ் தளங்களில் எண்களைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் தங்கம் என்றால் 5,00,000 அலகுகள், பிரிட்டனில் 1,00,000. அமெரிக்காவில் நிறுவனம் விண்ணப்பித்தால்தான் சான்றிதழ் உண்டு. ஆகவே பட்டியலில் இல்லை என்பதால் விற்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. ஐடியூன்ஸ் போன்ற ஒரே கடையின் தரவரிசை தேசியத் தரவரிசை ஆகாது.

எந்தத் தளமும் வடிகட்டித் தராத ஒன்று உண்டு: செய்திக்குறிப்பின் நகல்கள். ஐந்து தளங்களில் ஐந்து செய்திகள் கிடைத்தால், ஒன்றிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடுங்கள். அதே வாக்கியம் எல்லாவற்றிலும் வந்தால் மூலம் ஒன்றுதான், அதுவும் நிறுவனம் எழுதியது. கலைஞரின் பேட்டிக்கும் இதே கதிதான்: தகவலுக்கு உதவும், சுயேச்சையான கவனிப்பு ஆகாது.

இரண்டு மூன்று முழு விமர்சனங்களும் ஒரு தரவரிசை இடமும் கிடைத்தால் தயங்காமல் எழுதலாம். தரவரிசை மட்டும் இருந்து, எழுத உள்ளடக்கம் பாடல் பட்டியல்தான் என்றால் தனிக் கட்டுரை வேண்டாம். ஏற்கெனவே ஒருவர் அப்படி எழுதிவைத்திருந்தால் ஏழு நாள் நீக்கல் உரையாடலுக்கு இழுப்பதைவிட, தகவலைப் பாடகர் கட்டுரையில் சேர்த்துவிட்டு, ஆல்பத்தின் பக்கத்தைத் திறப்பவரை அங்கே அனுப்பும் வழிமாற்று போடுவது மேல். பழைய உரை பக்கத்தின் திருத்த வரலாற்றில் அப்படியே இருக்கும். பின்னர் விமர்சனங்கள் கிடைத்தால் மீட்டெடுத்து விரிவாக்கலாம்.