மார்ச் கடைசியில் எந்த ஏரிக்கு ஸ்கீ போவது? லூயிஸ், மொரெய்ன், ஓஹாரா

கனடாவின் ராக்கி மலைகளில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ (மெல்லிய பலகைகளைக் காலில் மாட்டி, பனிமேல் சமதரையிலும் ஏற்றத்திலும் வழுக்கிப் போவது) போக மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும்தான் எனக்குப் பிடித்த நேரம். பகல் நீண்டுவிடும். எலும்பை உறைய வைக்கும் ஜனவரிக் குளிர் விட்டிருக்கும். ஆனாலும் பனி இன்னும் ஆளுயரத்துக்குக் கிடக்கும். கால்கரியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக வண்டி ஓட்டினால் லேக் லூயிஸ் கிராமம். அங்கிருந்து கிட்டத்தில் மூன்று ஏரிகள். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் எதற்குப் போவது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். படங்களில் பார்த்த அந்த நீலப்பச்சை இந்தப் பருவத்தில் எந்த ஏரியிலும் கிடையாது. பனியாறுகள் அரைத்த பாறைத்தூள் உருகுநீரோடு வந்து கலந்தால்தான் அந்த நிறம். அதற்கு ஜூன் வர வேண்டும். இப்போது ஏரி என்பது மலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை மைதானம். அதனால் ஏரியின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். போகும் வழியையும், அந்த வழிக்கு மேலே இருக்கும் சரிவையும் பார்த்து முடிவெடுங்கள்.

லேக் லூயிஸ் மூன்றிலும் சுலபம். பெரிய ஹோட்டலின் வாசலிலிருந்தே கரையோரமாக 2 கிலோமீட்டர், ஏற்றமே இல்லை. கடைசியில் உறைந்து தொங்கும் அருவியில் கோடரியும் கயிறுமாக ஆட்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளோடு வருபவர்களுக்கும், முதல் தடவை ஸ்கீ மாட்டுபவர்களுக்கும் இது போதும். ஏரியின் மறுமுனையைத் தாண்டினால் பனிச்சரிவு, அதாவது மேலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழும் பகுதி, அங்கே திரும்பிவிட வேண்டும். ஏப்ரலில் ஓடை ஏரிக்குள் வரும் இடத்திலும், ஹோட்டல் பக்கம் நீர் வெளியேறும் இடத்திலும் பனிக்கட்டி மெலிந்திருக்கும். கூட்டம் வேறு. எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே ஓடாது.

மொரெய்ன் ஏரிக்குப் பெயர் பெரிது. 1969 என்று ஆண்டு அச்சிட்ட கனடாவின் இருபது டாலர் நோட்டில் இடம்பிடித்த ஏரி அது. குளிர்காலத்தில் அதன் சாலையை வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். பனியை இயந்திரத்தால் சீர் செய்து தடம் போட்டுத் தருவார்கள். சீரான ஏற்றம், அகலமான வழி, ஸ்கீ பழக இதைவிட நல்ல சாலை அந்தப் பக்கம் கிடையாது. ஆனால் தடம் ஏறக்குறைய 8 கிலோமீட்டரில் முடிகிறது. அப்புறம் சாலை பெரிய பனிச்சரிவுப் பாதைகளின் அடியில் போகிறது. தடம் முடியும் இடத்தில் ஏரியைச் சூழ்ந்த பத்துச் சிகரங்களில் சில தெரியும், ஏரி தெரியாது. அதற்கு மேலே போக, பனியில் புதைந்தவரைத் தேடி எடுக்க உதவும், உடம்பில் கட்டும் ரேடியோக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் வேண்டும். அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையும் வேண்டும். சாதாரண கிராஸ் கன்ட்ரிக்காரர் அங்கே நின்று பார்த்துவிட்டு இறங்குவதே சரி. ஏரியைப் பார்த்தே தீர வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம்தான்.

அந்த இறக்கம் காலையில் ஒரு மாதிரி, மதியம் வேறு மாதிரி. ராத்திரி உறைந்த தடம் காலை எட்டு மணிக்குக் கண்ணாடி போல வழுக்கும், ஸ்கீயின் அடி பிடிக்காது. பத்தரைக்கு மேல் வெயில் பட்டு மேற்பரப்பு மட்டும் இளகும். அதுதான் பொன்னான நேரம். ஒரு மணிக்கெல்லாம் நனைந்த பனி அடியில் ஒட்டி, வழுக்குவதை விட்டு நடக்கத் தொடங்கிவிடுவோம். வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது பிடிப்புக்காக ஸ்கீயின் அடியில் மெழுகு தடவுவது பெரிய தலைவலி. வாடகைக்கு எடுத்தால், அடியில் மீன் செதில் போல வெட்டிய, மெழுகு வேண்டாத ஸ்கீயைக் கேட்டு வாங்குங்கள்.

என் ஓட்டு ஓஹாராவுக்கு. அது மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், யோஹோ தேசியப் பூங்காவில், 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கோடையில் இந்த ஏரிக்குப் பேருந்தில் போக முன்பதிவு வேண்டும், அதற்கே குலுக்கல். நடந்தும் போகலாம், ஆனால் 11 கிலோமீட்டர் மண்சாலை. பனிக்காலத்தில் அதே சாலை ஸ்கீக்காரர்களுக்குத் திறந்து கிடக்கிறது. பேருந்தும் இல்லை, குலுக்கலும் இல்லை. பூங்கா அனுமதிச் சீட்டு இருந்தால் போதும்.

ஏற்றம் மொத்தம் சுமார் 400 மீட்டர். பெரும்பாலும் மரங்களுக்கு நடுவே போவதால் நிழல் பனியைக் காப்பாற்றி வைத்திருக்கும். மொரெய்ன் சாலை சொதசொதவென்று ஆன பிறகும் இங்கே ஸ்கீ ஓடுவதற்கு அந்த நிழலும் உயரமும்தான் காரணம். மேலே போனால் ஏரியே உங்கள் முன்னால். கொஞ்சம் தள்ளி, பனிவெளியில் கனடா ஆல்பைன் கிளப்பின் எலிசபெத் பார்க்கர் குடில். அந்தக் கிளப்பை 1906இல் தொடங்கியவர்களில் ஒருவரான பத்திரிகையாளரின் பெயர் அது. முன்பதிவு கிடைத்தால் ஒரு ராத்திரி தங்குங்கள். மறுநாள் விடிந்ததும் உறைந்த ஏரிமேல் போய்வரலாம். மதியத்துக்கு மேல் சுற்றியுள்ள செங்குத்துச் சரிவுகளின் அடியில் நிற்கவே கூடாது.

போய்வர 22 கிலோமீட்டர், லேசான விஷயம் அல்ல. ஏழு மணிக்கே கிளம்ப வேண்டும். கிளம்புமுன் அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படிக்க வேண்டும். ராத்திரி உறையவில்லை என்றால் அன்றைக்கு ஓஹாரா வேண்டாம். குதிகால் கட்டாத மெல்லிய ஸ்கீயில் நீண்ட இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கத் தெரிந்திருக்க வேண்டும். முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து இறங்கும் அந்த வித்தையை மொரெய்ன் சாலையில் பழகிவிட்டு வாருங்கள்.