மெதுவாக நகரும் ரெப்ளிகேஷன்: மூன்று வழிகளில் எது எந்த முனைக்குப் பொருந்தும்?

விஎம்வேர் தளத்தில் ஓடும் மெய்நிகர் கணினிகளை வீம் மென்பொருளின் வழியே தொலைவிலுள்ள மற்றொரு மையத்தில் நகலாக வைத்திருக்கும் பணி, முன்பு அரை மணி நேரத்தில் முடிந்தது, இப்போது மணிக்கணக்கில் இழுக்கிறது என்றால், பெரும்பாலோர் முதலில் சந்தேகிப்பது இரு மையங்களுக்கும் இடையிலுள்ள இணைப்பைத்தான். அந்தச் சந்தேகம் சில வேளைகளில் சரியானதே. ஆயினும், தரவு எந்த வழியாக வட்டிலிருந்து வாசிக்கப்படுகிறது, எந்த வழியாக மறுமுனையில் எழுதப்படுகிறது என்பதைப் பார்க்காமல் இணைப்பின் வேகத்தைக் கூட்டுவதில் பயனில்லை.

வழிகள் மூன்று: என்பிடி எனப்படும் நெட்வொர்க் முறை, ஹாட்-ஆட் முறை, சான் எனப்படும் சேமிப்பகப் பிணையம் வழியாகச் சேமிப்பகத்தை நேரடியாக அணுகும் டைரக்ட் சான் முறை. இவற்றை வாசிக்கும் முனைக்கும் எழுதும் முனைக்கும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்பதால், பொதுவாக மூன்றில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொருளில்லை என்றே கருதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் இணைப்பின் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. 100 மெகாபிட் இணைப்பில் ஏட்டளவில் விநாடிக்கு 12.5 மெகாபைட், அதாவது மணிக்கு 45 கிகாபைட் மட்டுமே செல்லும். சுருக்கிய பிறகும் 90 கிகாபைட் மாற்றம் அனுப்ப வேண்டியிருந்தால், எந்த முறையை மாற்றினாலும் இரண்டு மணி நேரத்திற்குக் கீழே இறங்காது. பணியின் அறிக்கையில் சோர்ஸ் (வாசிக்கும் முனை), பிராக்ஸி (தரவை வாசித்து, சுருக்கி, அனுப்பும் இடைக் கணினி), நெட்வொர்க், டார்கெட் (எழுதும் முனை) என ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பதைக் காட்டும் நான்கு சதவீதங்கள் இருக்கும். அவற்றில் நெட்வொர்க் முன்னிலையில் இல்லையெனில், கீழ்க்கண்ட ஒப்பீடு பொருள்படும்.

என்பிடி முறையில் தரவு, மெய்நிகர் கணினிகளைத் தாங்கி ஓட்டும் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டின் மேலாண்மை இடைமுகம் வழியாக, 902ஆம் போர்ட்டில் செல்கிறது. அமைப்பதற்கு ஏதுமில்லை, எங்கும் வேலை செய்யும் என்பதே இதன் பலம். மேலாண்மைப் பிணையம் 1 கிகாபிட்டாக இருக்கும் இடங்களில் இது வேகமாக இராது. 10 கிகாபிட்டாக இருந்தால், சிறிய கணினிகளுக்கு இதுவே போதும்.

ஹாட்-ஆட் முறையில் பிராக்ஸியே ஒரு மெய்நிகர் கணினி. நகலெடுக்க வேண்டிய வட்டுகள் அதனுடன் தற்காலிகமாக இணைக்கப்படுவதால், தரவு மேலாண்மைப் பிணையத்தைத் தொடாமல் சேமிப்பகத்தின் வேகத்திலேயே நகரும். அந்த பிராக்ஸி ஓடும் ஹோஸ்ட்டுக்கு உரிய டேட்டாஸ்டோர், அதாவது அந்த வட்டுகள் வைக்கப்பட்டிருக்கும் சேமிப்பிடம், தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. வட்டுகளை இணைக்கவும் கழற்றவும் நேரம் பிடிப்பதால், ஓரிரு கிகாபைட் மட்டுமே மாறும் கணினிகளுக்கு என்பிடி முந்திவிடுவதும் உண்டு. என்எஃப்எஸ் என்ற பிணையக் கோப்புப் பகிர்வு முறையில் அமைந்த டேட்டாஸ்டோரில் உள்ள கணினியை வேறொரு ஹோஸ்ட்டில் ஓடும் பிராக்ஸி இம்முறையில் வாசித்தால், நகலெடுப்பதற்காக எடுத்த ஸ்நாப்ஷாட்டை (அந்நேர நிலையின் தற்காலிகப் பதிவை) நீக்கும்போது அந்தக் கணினி ஏறத்தாழ 30 விநாடிகள் உறைந்து நிற்கக்கூடும். தரவுத்தள சேவையகங்களுக்கு இது சிறிய விஷயமன்று.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஹாட்-ஆட் கைகூடாவிட்டால் பணி தோல்வியடையாது. இயல்பான அமைப்பில் அது நெட்வொர்க் முறைக்குத் தானாக மாறி, மெதுவாகவேனும் முடிந்து, வெற்றி என்று காட்டும். ஆகவே பணியின் பதிவில் ஒவ்வொரு வட்டுக்கும் எதிரே ஹாட்-ஆட் என்று இருக்கிறதா, என்பிடி என்று இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். பிராக்ஸியை வேறு கிளஸ்டருக்கு (ஹோஸ்ட்களின் வேறொரு தொகுதிக்கு) நகர்த்தியதும், புதிய டேட்டாஸ்டோரை எல்லா ஹோஸ்ட்களுக்கும் காட்டாமல் விட்டதும் இப்படித்தான் வெளிப்படும்.

டைரக்ட் சான் முறை, ஃபைபர் சேனல் அல்லது ஐஸ்கசி என்ற சேமிப்பக இணைப்பு வழியாக, டேட்டாஸ்டோர் அமைந்துள்ள லன் எனும் சேமிப்பகப் பகுதியை பிராக்ஸிக்கே காட்டி, ஹோஸ்ட்டைத் தவிர்த்து வாசிக்கிறது. வாசிக்கும் முனையில் அன்றாட வேலை நடக்கும் சூழலுக்கு மிகக் குறைந்த சுமை தருவது இதுவே. ஆனால் எழுதும் முனையில் இது முதல் முழு நகலுக்கு மட்டும், அதுவும் முழு அளவு இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளும் திக் வகை வட்டுகளுக்கு மட்டும் உதவும். அடுத்தடுத்த ஓட்டங்கள் ஹாட்-ஆட் அல்லது என்பிடி வழியாகவே எழுதப்படும். விண்டோஸ் பிராக்ஸியில் யாரேனும் வட்டு மேலாண்மைத் திரையைத் திறந்து அந்த லன்னை இனிஷியலைஸ் செய்துவிட்டால் டேட்டாஸ்டோரே சேதமடையும் என்பதால், அந்தக் கணினியில் யார் நுழையலாம் என்பதையும் கட்டுப்படுத்த வேண்டும்.

ஆகவே, சான் வசதி இருப்பவர்களுக்கு வாசிக்கும் முனையில் டைரக்ட் சானும், மறுமுனையில் ஹாட்-ஆட் பிராக்ஸி ஒன்றும் என்பதே என் தேர்வு. மறுமுனையில் பிராக்ஸியே வைக்காமல், இங்குள்ள ஒன்றையே இரு வேலைக்கும் பயன்படுத்தும் அமைப்பில், சுருக்கப்படாத தரவு நீண்ட தூர இணைப்பில் செல்கிறது. எழுதுவதும் என்பிடியிலேயே நடக்கிறது. மெதுவான பணிகளில் முதலில் திருத்த வேண்டிய இடம் இதுதான்.

மூன்று வழிகளுக்கும் அப்பாற்பட்ட காரணங்கள் இரண்டு உள்ளன. மாறிய பகுதிகளைக் குறித்துவைக்கும் சிபிடி பழுதானால் ஒவ்வொரு முறையும் வட்டு முழுவதும் வாசிக்கப்படும். அறிக்கையில் வாசித்த அளவு வட்டின் அளவை ஒட்டி வந்தால் அதுவே அடையாளம். மற்றொன்று, நகலின் மெட்டாடேட்டா, அதாவது நகலைப் பற்றிய குறிப்புத் தரவு, வைக்கப்படும் ரெபாசிட்டரி எனும் சேமிப்பிடம். அது மூல மையத்திலேயே, வாசிக்கும் பிராக்ஸிக்கு அருகில் இருக்க வேண்டும். தொலை மையத்தில் வைத்துவிட்டால் அதற்காக மட்டுமே தரவு நீண்ட இணைப்பில் போய்வர நேரும்.