நிறுவனர் கதையா, வாடிக்கையாளர் கதையா, வெறும் கணக்கா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு விற்பனை உரைகளைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு முறையும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். முதலாளி எப்படித் தொழில் தொடங்கினார் என்பதைச் சொல்வதா, பொருளை வாங்கியவருக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்வதா, இரண்டையும் விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் திரையில் காட்டுவதா?

கணக்கு மட்டும் போதுமான இடம் உண்டு. மூன்று கொட்டேஷன்களை வாங்கி வைத்துக்கொண்டு விலையையும் தவணையையும் ஒப்பிடும் கொள்முதல் பிரிவினரிடம் கதை சொல்வது அவர்களுடைய நேரத்தை வீணாக்குவதுதான். ஆனால், ஆபத்தையோ அவசரத்தையோ உணர்த்த வேண்டிய இடத்தில் துண்டு துண்டான வரிகள் கைவிட்டுவிடும். 2003-ல் கொலம்பியா விண்கலம் சிதறியதை விசாரித்த குழு, உயிருக்கே ஆபத்தான ஒரு செய்தி பவர்பாயின்ட் பக்கத்தில் இருந்தும் அதைப் படிக்கும் மேலதிகாரிக்கு அதன் தீவிரம் உறைக்காமல் போயிருக்கக்கூடும் என்று தன் அறிக்கையிலேயே எழுதியது.

நிறுவனர் கதைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. சிக் ஷாம்பு செய்யும் கவின்கேர் நிறுவனத்தின் நிறுவனர் சி. கே. ரங்கநாதன் 1983-ல் கடலூரில் 15,000 ரூபாயுடன் தொழில் தொடங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்பவர் வியப்பார். ஆனால் அதில் அவருக்கு ஓர் இடம் இல்லை. அதே நிறுவனத்தின் இன்னொரு கதை, காலி ஷாம்பு பாக்கெட்டுகள் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தது. கடைக்காரரும், பாட்டில் வாங்க முடியாத குடும்பமும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். வணிகக் கூட்டத்தில் சொல்லத் தகுந்தது இரண்டாவது கதை என்பது என் உறுதியான கருத்து.

சென்னையில் 2010-ல் தொடங்கி, 2021-ல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்ட ஃப்ரெஷ்வொர்க்ஸின் கதை இரண்டுக்கும் பாலம் போடுகிறது. அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்தபோது அவருடைய தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து வந்து சேர்ந்தது. இழப்பீட்டுக்காக அவர் அலைந்தார். சொல்பவர் நிறுவனர்தான் என்றாலும், கதைக்குள் அவர் ஏமாந்து நிற்கும் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் சேவைக்கு மென்பொருள் விற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கதை அமையாது.

வாடிக்கையாளர் கதையிலும் ஒரு குறை உண்டு. அதைப் பட்டுத்தான் அறிந்தேன். பம்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல் செய்யும் ஒரு நிறுவனத்துக்காக நான் எழுதிக் கொடுத்த உரையை, அதன் விற்பனை மேலாளர் கிண்டியில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசினார். பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றில் நள்ளிரவில் பம்ப் கசியத் தொடங்கியது, வாசலில் டேங்கர் லாரி காத்து நின்றது, பொறுப்பாளர் கைவிளக்குடன் மண்டியிட்டுத் தேடினார் என்று சொல்லியபடியே, கழற்றிய பழைய சீலை மேசையின் மேல் வைத்தார். அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு. எதிரில் இருந்தவர்கள் அதை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்கள். கடைசியாகக் கணக்கு அதிகாரி, “சார், நீங்க மாத்தின சீல் எத்தனை மாசம் ஓடிச்சு?” என்று கேட்டார். அந்த எண்ணை நான் உரையில் சேர்க்கவில்லை, மேலாளருக்கும் தெரியவில்லை. ஆர்டர் கைநழுவியது.

மார்கழி மாதத்தில் மயிலாப்பூரில் உபந்நியாசம் கேட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். கிளைக்கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும், சொல்பவர் எடுத்துக்கொண்ட பாசுரத்துக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். வணிக உரையில் அந்தப் பாசுரத்தின் இடத்தில் இருப்பது கணக்கு. கதை முன்னே வரட்டும். ஆனால் அது இரண்டு நிமிடத்துக்குள் ஓர் எண்ணில் வந்து நிற்க வேண்டும். ஒரே ஒரு வாடிக்கையாளரின் அனுபவத்தை எல்லோருக்கும் பொதுவான உண்மையாகக் காட்டிவிடாமல் தடுப்பதும் அந்த எண்தான்.

இப்போது எந்த உரைக்கும் எழுத உட்காருமுன் அந்த வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்கிறேன். கூடவே அவருடைய பராமரிப்புப் பதிவேட்டில், புதிய சீல் மாட்டிய தேதி எழுதியிருக்கும் பக்கத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.