ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டதா? கஸ்டமர் கேர், கார்டு, 1915, கன்சூமர் கோர்ட்: எது எதற்கு உதவும்?

ஆன்லைனில் வாங்கிய மிக்ஸி பத்தாவது நாளே சட்னி அரைக்கும்போது புகைகிறது. ஆப்பைத் திறந்தால் ரிட்டர்ன் பட்டன் இருந்த இடத்தில் 'கெடு முடிந்தது' என்று மங்கலான எழுத்து. "சரி, போச்சு" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கெடு ஆப் வைத்துக்கொண்ட வியாபார ஏற்பாடு. சட்டம் தரும் உரிமை அதோடு முடிவதில்லை. பழுதான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஆனால் அந்த உரிமையை எந்த வாசலில் போய்க் கேட்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

ஆப்பா, சர்வீஸ் சென்டரா?

கெடுவுக்குள் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், ஆப்தான். அதைவிட வேகமான வழி கிடையாது. கெடு முடிந்ததும் கஸ்டமர் கேர் சொல்லும் முதல் வாக்கியம், "பிராண்டின் சர்வீஸ் சென்டரை அணுகுங்கள்". இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். வாரன்டியில் கிடைப்பது பெரும்பாலும் ரிப்பேர், பணம் அல்ல. ஒரு வருடம் ஓடிய ஃபிரிட்ஜுக்கு அது நியாயம். வாங்கிய இரண்டாவது வாரமே படுத்துவிட்ட பொருளுக்கு ரிப்பேருக்குத் தலையாட்டிவிட்டால், பிறகு "மாற்றிக் கொடு" என்று கேட்பதில் வலு குறைகிறது.

ஆனாலும் சர்வீஸ் சென்டருக்கு ஒருமுறை போவது நல்லது, ஜாப் ஷீட்டுக்காக. அதில் வழக்கமாக 'நாட் வொர்க்கிங்' என்று இரண்டு வார்த்தை கிறுக்கித் தருவார்கள். "மோட்டார் காயில் எரிஞ்சிருக்கு சார், கம்பெனி ஃபால்ட்தான்" என்று டெக்னீஷியன் வாயால் சொல்வதை அந்தத் தாளில் எழுதி வாங்குங்கள். பின்னால் எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.

சாட்டில் மல்லுக்கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு முறையும் புது ஆள் வந்து "உங்கள் சிரமம் புரிகிறது" என்பார். தளத்தின் அடியில் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும், அது விதி. அவருக்கு மெயில் போடுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதே மெயிலில் விற்பனையாளரின் முழு முகவரியையும் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் தளம் தந்தாக வேண்டும்.

கார்டு கொடுத்த வங்கி

இது பலருக்குத் தெரியாத வழி. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 'பொருள் பழுது, விற்பனையாளர் தீர்க்கவில்லை' என்று வங்கியில் டிஸ்ப்யூட் (கட்டிய பணத்தைத் திருப்பக் கேட்கும் புகார்) எழுப்பலாம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. திருப்பித் தர முயன்றதற்கான ஆதாரம் கேட்பார்கள். கடைக்காரர் எதிர்த்து ஆவணம் கொடுத்தால் தற்காலிகமாக வரவு வைத்த பணம் திரும்பப் போய்விடலாம். யூபிஐயில் கட்டியவர்களுக்கு இந்த வழி அவ்வளவு எளிதல்ல.  கேஷ் ஆன் டெலிவரி பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் விலை கூடிய பொருளுக்கு நான் கிரெடிட் கார்டுதான் என்பேன், கேஷ்பேக் எவ்வளவு ஆசை காட்டினாலும்.

1915

தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. உத்தரவு போடும் அதிகாரம் இதற்குக் கிடையாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும், அவ்வளவுதான். பெரிய தளங்கள் இந்தப் புகாருக்கு அசைந்து கொடுக்கும். பெயர் தெரியாத இன்ஸ்டாகிராம் கடையிடம் இது செல்லாது. 500 ரூபாய் இயர்போனுக்கு இதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

கன்சூமர் கோர்ட்

சரியான பெயர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பயப்படும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. 2019 சட்டம் வந்த பிறகு, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, மனுவை இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் ஏற்றலாம், காணொளி விசாரணையும் கேட்கலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம்.

மறுவிற்பனைக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சொந்தப் பிழைப்புக்காக ஓவர்லாக் மெஷின் வாங்கிய தையல்காரர் நுகர்வோர்தான். "நீங்கள் தொழிலுக்கு வாங்கியவர்" என்று சொல்லியே இப்படிப் பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், ஏமாற வேண்டாம்.

பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று சட்டத்தின் 2(47) பிரிவு சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். விற்பனையாளர், தளம், உற்பத்தியாளர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே" என்று தளம் சொல்லும், அது எதிர்பார்த்ததுதான். விற்றவர் கடையை மூடிக்கொண்டு போய்விட்டால் மிச்சம் நிற்பது மற்ற இருவர்தானே.

குறை என்னவென்றால் காலம். ஆய்வகச் சோதனை தேவையில்லாத வழக்கு மூன்று மாதத்தில், தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வருடம் தாண்டுவது சாதாரணம். ஆனால் பொருளின் விலையோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கேட்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். 10,000 ரூபாய்க்கு மேல் போன பொருள், கையில் ஜாப் ஷீட், மெயிலில் மறுப்பு என்று மூன்றும் இருந்தால் நான் இங்கேதான் போவேன்.

(மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று இன்னொன்று உண்டு. தரக்கட்டுப்பாட்டு உத்தரவை மீறிய பிரஷர் குக்கர்களை விற்க அனுமதித்ததற்காக 2022-ல் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா ஒரு லட்சம் அபராதம் விதித்தது அதுதான். பலரைப் பாதிக்கும் பிரச்சினைக்கு அங்கே எழுதலாம். உங்கள் ஒரு மிக்ஸிக்கு அது இடமில்லை.)

தீர்ப்பு வந்தும் பணம் வரவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு 72-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு நோட்டீஸ் போனால் காசோலை வருவதும் உண்டு.