பனிக்காலத்தில் மரம் வெட்ட ஸ்டில் எம்எஸ் 261 சி-எம் விடபிள்யூ: எவ்வளவு நேரம் மிச்சம்?

உறைகுளிரில் மரம் வெட்டும் வேலை இழுத்துக்கொண்டே போவதற்கு, செயின்சா மெதுவாக அறுப்பது ஒரு சின்னக் காரணம்தான். இரண்டு வெட்டுக்கு நடுவில்தான் நேரம் கரைகிறது. நின்றுபோன இன்ஜினைத் திரும்பக் கிளப்ப வேண்டும், சீக்கிரம் மழுங்கும் செயினை அரம் பிடிக்க வேண்டும், மரத்துப்போன விரலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், மரத்தடிப் பனியை மிதித்து ஒதுங்க வழி செய்ய வேண்டும். ஸ்டில் நிறுவனத்தின் இந்தப் பெட்ரோல் செயின்சா மாடல் இவற்றில் இரண்டை நன்றாகத் தீர்க்கிறது: இன்ஜினும் விரலும். மற்றவை நம் பொறுப்பு. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

இன்ஜின் 50.2 சிசி, சக்தி 3 கிலோவாட். சாதாரண 261-இன் எடை, பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் இல்லாமல் 4.9 கிலோ. விடபிள்யூ வகையில் கைப்பிடிக்கும் கார்புரேட்டருக்கும் மின்சூடு கூடுதலாக வருகிறது. தனி பேட்டரி கிடையாது. இன்ஜின் சுற்றும்போது உள்ளே உற்பத்தியாகும் மின்சாரமே இரண்டுக்கும் போகிறது.

முதலில் கார்புரேட்டர் சூட்டைப் பார்ப்போம், பலர் பணத்தை வீணாக்குவது இங்கேதான். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். காற்றில் ஈரம் இருந்தால் அது த்ராட்டில் தகட்டின் (கார்புரேட்டருக்குள் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடு) மேல் பனிக்கட்டியாகப் படியும். இதற்குக் கடுங்குளிர் தேவையில்லை. 20 டிகிரி மைனஸில் காற்று உலர்ந்து கிடக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டிய, மூடுபனி நிறைந்த காலைப்பொழுதில்தான் இந்தத் தொல்லை அதிகம். இன்ஜின் ஒழுங்காகக் கிளம்பும், சில நிமிடம் அறுக்கும், பிறகு வேகம் இறங்கி ஐட்லிங்கில் அணைந்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் சிலிண்டர் சூட்டில் பனி உருகி, ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பக் கிளம்பும். இந்த அறிகுறி தெரியாதவர்கள் பிளக்கை மாற்றுவார்கள், பெட்ரோல் ஃபில்டரை மாற்றுவார்கள், கடைசியில் கார்புரேட்டரையே பிரித்துப் போடுவார்கள். சூடேறும் கார்புரேட்டர் இந்தக் கூத்தை முழுக்க நிறுத்திவிடுகிறது.

மின்சூடு இருக்கிறதே என்று ஷட்டரை மறந்துவிடக் கூடாது. மேல்மூடிக்குள் இருக்கும் சின்னத் தகட்டைக் கழற்றி, குளிர்கால நிலைக்குத் திருப்பி மாட்டினால் சிலிண்டர் பக்கத்துச் சூடான காற்று கார்புரேட்டர் பக்கம் வரும். 10 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்கால நிலை. 20 டிகிரியைத் தாண்டினால் கட்டாயம் கோடைகால நிலைக்குத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். வசந்தம் வந்தபின் இதைத் திருப்பாமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு.

குளிர்காற்று அடர்த்தியானது, அதனால் கலவையில் பெட்ரோல் விகிதம் குறையும். பழைய மாடல்களில் இதற்காக எச் ஸ்க்ரூவை (முழு வேகக் கலவையைச் சரிசெய்யும் திருகு) திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இதில் எம்-ட்ரானிக் என்னும் மின்னணுக் கட்டுப்பாடு தானே பார்த்துக்கொள்கிறது. கிளம்பியதும் முழு வேகம் கொடுக்காமல், ஒரு நிமிடமாவது சூடாகவிட்டு வெட்டத் தொடங்குங்கள். கலவை 50-க்கு 1, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி ஆயில். கேனைப் பாதி காலியாக வைக்காதீர்கள். காலி இடத்துக் காற்றின் ஈரம் நீர்த்துளியாகி, குழாயில் உறைந்து அடைக்கும்.

கைப்பிடிச் சூட்டைச் சொகுசு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிரில் விரலுக்கு ரத்தம் போவது குறையும்; உணர்வு குறைந்த கை கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்; இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு கைக்குள் அதிகமாக இறங்கும். வருடக்கணக்கில் இப்படிப் போனால் விரல் வெளுத்து உணர்விழக்கும் நோய் வரும், வந்தது முழுதாகத் திரும்பிப் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதிப்படி, 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட கை அதிர்வு 2.5 மீ/வி² ஐத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 மீ/வி² உச்சவரம்பு. சூடான கைப்பிடி அதிர்வைக் குறைக்காது. கையில் ரத்த ஓட்டத்தைக் காக்கும், அவ்வளவுதான். ஆனால் அது பெரிய விஷயம். நனைந்த கையுறையை இந்தச் சூடு உலர்த்தாது, மாற்று ஜோடி கட்டாயம் வேண்டும். அடிக்கடி அணைத்து அணைத்துச் செய்யும் கிளை வேலையில் கைப்பிடி சூடாகும் முன்பே ஆறிவிடும்.

இனி இந்த மெஷின் கை கொடுக்காத இடங்கள். குளிரில் செயின் ஆயில் கெட்டியாகி, பம்ப் தள்ளுவது குறையும். பாரின் முனையை வெட்டிய அடிமரத்தின் வெளிர்ப்பகுதிக்கு நேராகக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து வேகம் கொடுத்தால் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். இன்னொரு சோதனை: பெட்ரோல் டேங்க் 0.50 லிட்டர், ஆயில் டேங்க் 0.27 லிட்டர். பெட்ரோல் தீரும்போது ஆயில் வழக்கத்தைவிட அதிகமாக மிஞ்சியிருந்தால் பார் வறண்டு ஓடியிருக்கிறது. குளிர்கால ஆயில் ஊற்றுங்கள், கேனை வண்டிக்குள் வையுங்கள், தேவைப்பட்டால் அடியில் உள்ள ஸ்க்ரூவில் பம்ப் அளவைக் கூட்டுங்கள். பழைய இன்ஜின் ஆயில் மட்டும் வேண்டாம்.

உறைந்த மரம் செயினுக்கு எதிரி. ஈரம் உள்ளேயே பனிக்கட்டியாகிவிடுவதால் பல்லின் மெல்லிய முனை நொறுங்குகிறது. இந்த மெஷினில் வரும் 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். வழக்கமான 30 டிகிரி மேல்கோணத்தை 25-க்குக் குறைத்தால் முனை கொஞ்சம் தடித்து அதிகம் தாங்கும். வேகமாக அறுக்கட்டும் என்று டெப்த் கேஜை (பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும், பல்லுக்கு முன்னுள்ள மேடு) 0.65 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள். கடினமான மரத்தில் பல் ஆழமாகக் கடித்துச் செயின் திமிறும், கிக்பேக், அதாவது பார் சட்டென்று நம் பக்கம் எகிறும் ஆபத்து கூடும். வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்துங்கள். சூட்டில் இறுக்கிய செயின் குளிரில் சுருங்கி கிராங்க் ஷாஃப்டையும் பேரிங்கையும் இழுக்கும்.

மரத்தைச் சாய்க்கும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். முன்வெட்டுக்கும் பின்வெட்டுக்கும் நடுவில் விடும் கீல்மரம் சாதாரணமாக வளைந்து, விழும் திசையை வழிநடத்தும். உறைந்த நார் வளையாது, சட்டென்று ஒடியும். எனவே கீலை ஒல்லியாக்காதீர்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்த மரத்தை ஆப்பை மட்டும் நம்பி வெட்டாமல் வின்ச் கட்டுங்கள். பிளாஸ்டிக் ஆப்பு பனிபடிந்த வெட்டிலிருந்து துள்ளி வெளியே வரும். செருகும் முன் அதன் மேலுள்ள பனியைத் துடையுங்கள். பின்பக்கம் 45 டிகிரியில் இரண்டு ஒதுங்கு வழிகளை மிதித்து வைத்த பிறகே முதல் வெட்டு.

பேட்டரி செயின்சாவோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. கிளப்பும் தொல்லையே இல்லாததால் சின்னக் கிளை வேலைக்கு அதுதான் வசதி. ஆனால் குளிரில் லித்தியம் பேட்டரி ஒரு சார்ஜில் தரும் நேரம் குறையும், உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் போடவும் கூடாது. நாள் முழுக்கத் தடிமரம் அறுக்க இந்தப் பெட்ரோல் மெஷினே மேல்.

ஓய்வு நேரத்தில் இதைச் சூடான அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். உள்ளே வியர்க்கும், வெளியே வந்ததும் அந்த ஈரம் உறைந்து செயின் பிரேக்கும் த்ராட்டிலும் ஒட்டிக்கொள்ளும். காற்றுபடாத கொட்டகை போதும்.

10 டிகிரிக்குக் கீழே மாதக்கணக்கில் தினமும் வேலை செய்பவர்கள் கூடுதல் விலை கொடுத்து விடபிள்யூவை வாங்கலாம், தயக்கமே வேண்டாம். குளிரில் எப்போதாவது நாலு மரம் வெட்டுபவருக்குச் சாதாரண 261, குளிர்கால ஆயில், இரண்டு தீட்டிய உபரிச் செயின் போதும்.