பழைய கம்ப்யூட்டரில் ஜோடி டிஸ்க்: டெல்டா கரண்டில் மூன்று வருட ஓட்டம்

ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்து, எழுதுவதையெல்லாம் இரண்டிலும் எழுத வைப்பதுதான் மிரர், அதாவது ரெய்டு 1. இங்கே சொல்வது கும்பகோணம் பக்கத்து வீடு ஒன்றில் மூன்று வருடம் தாண்டி ஓடும் அமைப்பு. உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போட்ட சாதாரண டெஸ்க்டாப், சிஸ்டத்துக்கு ஒரு எஸ்எஸ்டி, கல்யாண வீடியோ முதல் பட்டா, பத்திர ஸ்கேன் வரை வைக்க 4 டிபி டிஸ்க் ஒன்று. அந்த 4 டிபிக்கு மட்டும்தான் ஜோடி சேர்த்திருக்கிறது. எஸ்எஸ்டி போனால் அரை நாளில் உபுண்டுவைத் திரும்பப் போட்டுவிடலாம். அதற்கு மிரர் வீண் செலவு.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோம் எடிஷனில் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக மிரர் போட முடியாது. ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற இன்னொரு வசதி ஹோமிலும் உண்டு, ஆனால் சேர்க்கும் டிஸ்க்கை முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்ளும். மதர்போர்டில் வரும் ரெய்டு வேண்டவே வேண்டாம். ஐப்பசி இடியில் போர்டு போனால் அதே வகைப் போர்டைத் தேடி அலைய வேண்டும். லினக்ஸிலேயே இருக்கும் மென்பொருள் ரெய்டான எம்டி ரெய்டு என்றால் டிஸ்க்கைக் கழற்றி எந்த லினக்ஸ் மெஷினில் மாட்டினாலும் எழுந்துவிடும்.

தகவல் இருக்கும் டிஸ்க்கை அழிக்காமல் மிரருக்கு மாறும் வழி எளிது. புது டிஸ்க்கை மட்டும் வைத்து அரே, அதாவது ரெய்டு தொகுப்பு, உருவாக்க வேண்டும். எம்டி ரெய்டை இயக்கும் எம்டிஏடிஎம் (mdadm) கட்டளையில் இரண்டாவது டிஸ்க்கின் இடத்தில் ‘மிஸ்ஸிங்’ என்று கொடுத்தால் ஒற்றைக்காலில் நிற்கும் அரே கிடைக்கும். அதை ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) ஆக ஃபார்மட் செய்து, பழையதிலிருந்து ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் கருவி மூலம் அனுமதிகள், ஹார்ட் லிங்க் உட்பட நகலெடுத்து, பிறகு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பீட்டோடு இன்னொரு முறை ஓட்ட வேண்டும். அதன்பின் பழைய டிஸ்க்கைத் துடைத்து அரேயில் சேர்த்தால் மிரர் நிரம்பத் தொடங்கும். நொடிக்குச் சராசரி 150 எம்பி வேகத்தில் 4 டிபி நிரம்ப ஏழரை மணி நேரம் போல ஆகும். நடுவில் முறையாக ஷட்டவுன் செய்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பார்ட்டிஷன் போடும்போது கடைசியில் 1 ஜிபி காலி விடுங்கள். 4 டிபி என்று போட்டிருக்கும் எல்லா டிஸ்க்கும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்பக் கூடாது. சில ஆயிரம் செக்டர் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டு) குறைந்தாலும் ‘இடம் போதாது’ என்று சேர்க்க மறுத்துவிடும். இன்றைக்குத் தப்பினாலும் ஐந்து வருடம் கழித்து மாற்று டிஸ்க் வாங்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

ஆபத்தான கட்டம் ஒன்று உண்டு. பழைய டிஸ்க்கைத் துடைத்த நிமிடத்திலிருந்து மிரர் நிரம்பும் வரை, எல்லாத் தகவலும் அந்தப் புது டிஸ்க் ஒன்றில்தான் இருக்கிறது. அதுவும் ஏழு மணி நேரம் முழுக்க வாசிக்கப்படுகிறது. புது டிஸ்க் முதல் சில வாரத்திலேயே படுத்துவிடுவது உண்டு. ஆகவே வாங்கியவுடன் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் வசதி) நீண்ட சோதனையை ஓட்டி, நகலெடுத்தபின் இரண்டு வாரம் ஒற்றையிலேயே பயன்படுத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் பழையதைத் தொடுங்கள். பழையதற்கும் அதே சோதனை. ஸ்மார்ட் பட்டியலில் கெட்ட செக்டர்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளின் மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 ஒன்று காட்டினாலும் அதை ஜோடி சேர்க்காதீர்கள்.

அடுத்து எல்லோரும் வழுக்குகிற இடம்: அரேயின் விவரத்தை எம்டிஏடிஎம் கான்ஃபிக் ஃபைலில் எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் ஆகும்போது முதலில் ஏறும் சின்ன சிஸ்டம்) புதுப்பிக்க மறப்பது. மறந்தால் எம்டி0 என்று வைத்த அரே ரீபூட்டுக்குப் பிறகு எம்டி127 என்று வந்து நிற்கும், டிரைவைக் காணோம் என்று பதறுவார்கள். பூட் ஆகும்போது எந்த டிரைவை எங்கே மாட்டுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், பெயரை எழுதாமல் மாறாத அடையாள எண்ணான யூயூஐடியை எழுதுங்கள். கூடவே ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் சேருங்கள். இல்லாவிட்டால் அரே எழாத அன்றைக்குக் கம்ப்யூட்டரே எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டெஸ்க்டாப் டிஸ்க்குகளின் ஒரு குணத்தை ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டும். வாசிக்க முடியாத செக்டர் வந்தால், சில டிஸ்க்குகள் நிமிடக்கணக்கில் அதையே முட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும். பிறகு டிஸ்க் செத்துவிட்டதாக நினைத்து அரேயிலிருந்து வெளியே தள்ளிவிடும். ஈஆர்சி என்ற, முயற்சிக்கு நேர வரம்பு வைக்கும் வசதி இருக்கும் டிஸ்க்கில் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளை மூலம் 70 என்று வைத்தால் 7 நொடியில் கைவிட்டு, இன்னொரு டிஸ்க்கிலிருந்து சரியான நகலை எடுக்க விடும். கரண்ட் போய் வந்தால் இந்த அமைப்பு அழிந்துவிடும், அதனால் பூட் ஆகும்போதெல்லாம் ஓடும்படி ஸ்கிரிப்டில் வையுங்கள். வசதியே இல்லாத டிஸ்க் என்றால் லினக்ஸ் பக்கத்துக் காத்திருப்பை 180 நொடியாக்குங்கள்.

இனி கரண்ட். பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்து லோ வோல்டேஜ், பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்துவது, மழைக்காலத்தில் நொடிக்கொரு தரம் போய் வருவது எல்லாம் இங்கே சகஜம். வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்கம் யூபிஎஸ் மோடுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். அதை மாற்றியபிறகும் நடுவில் 600 விஏ யூபிஎஸ் ஒன்று வைப்பது நல்லது. யூஎஸ்பி போர்ட் இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்கினால், பேட்டரி இறங்குவதைக் கம்ப்யூட்டரே அறிந்து தானாக ஷட்டவுன் ஆகும். அந்த போர்ட் இல்லாத யூபிஎஸ்தான் கடையில் மலிவு.

திடீரென்று அணைந்தால் இரண்டு டிஸ்க்குக்கும் நடுவே கடைசி நொடி எழுத்து வேறுபட்டிருக்கும். அரேயில் பிட்மேப் (எந்தப் பகுதிகளில் எழுதப்பட்டது என்ற குறிப்பு) இருந்தால் மாறிய பகுதிகளை மட்டும் சரிபார்த்து ஒன்றிரண்டு நிமிடத்தில் முடித்துவிடும். இல்லையேல் ஒவ்வொரு தடவையும் முழு ஏழரை மணி நேரம். பெரிய அரேக்கு பிட்மேப் தானாகவே வரும். வந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் ஓரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று தனிப் பிரச்சினை. ஸ்மார்ட்டில் 199 என்ற எண் ஏறிக்கொண்டே போனால் குற்றம் பெரும்பாலும் சாட்டா கேபிளுடையது, டிஸ்க்குடையதல்ல. கேபிளைக் கழற்றி மாட்டினாலே சில நேரம் நிற்கும், மாற்றிவிடுவது உத்தமம். கேபிளால் வெளியே தள்ளப்பட்ட டிஸ்க்கை ‘ரீ-ஆட்’ செய்தால் பிட்மேப் தயவில் நிமிடங்களில் ஒட்டிக்கொள்ளும். புதிதாகச் சேர்த்தால் முழு ஏழரை மணி நேரம் போகும். பழைய நாலு முள் பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வார்ப்பு பிளாஸ்டிக் அடாப்டர்கள் உருகித் தீப்பிடிக்கும் வகை, அவை வேண்டாம். சம்பா அறுவடைத் தூசி அடங்கியதும் மாசியில் ஒரு தரம் கேபினெட்டைத் திறந்து ஊதிவிடுங்கள். எறும்புப் புற்றும் பல்லி முட்டையும் இருக்கும்.

இவ்வளவுக்கும் மேலே மிரரைக் கவிழ்ப்பது சத்தமில்லாத சாவு. ஒரு டிஸ்க் போனாலும் எல்லாம் வழக்கம்போல ஓடும். ஃபைல் திறக்கும், படம் ஓடும், யாருக்கும் தெரியாது. அரேயின் நிலையைக் காட்டும் ப்ராக் எம்டிஸ்டாட் (/proc/mdstat) ஃபைலைப் பார்த்தால் மட்டுமே, சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யூ’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ‘யூ’வும் ஒரு கீழ்க்கோடும் இருப்பது தெரியும். மின்னஞ்சல் எச்சரிக்கை என்று கையேட்டில் இருப்பது வீட்டு மெஷினில் தானாக வேலை செய்யாது, ஏனென்றால் மெயில் அனுப்பும் மென்பொருளே அதில் இருக்காது. கான்ஃபிக் ஃபைலின் ‘புரோகிராம்’ வரியில் ஒரு சின்ன ஸ்கிரிப்டைக் கொடுத்து டெலிகிராமுக்குச் செய்தி வரும்படி வைப்பதே பயன்படுகிறது. இரு டிஸ்க்கையும் ஒப்பிடும் மாதாந்திரச் சோதனையும் இப்படித்தான்: முதல் ஞாயிறு நள்ளிரவு தாண்டி ஓடும்படி அமைந்திருக்கும், அந்நேரம் வீட்டுக் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும். பகலுக்கு மாற்றுங்கள். அந்தச் சோதனையில் இரு நகலும் ஒத்துப்போகாவிட்டால் எது சரி என்று எம்டி ரெய்டுக்குத் தெரியாது. அது தெரிய வேண்டும் என்றால் செக்சம் வைக்கும் பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டங்கள் பக்கம் போக வேண்டும்.

தவறுதலாக அழித்த ஃபோல்டரை இரண்டு டிஸ்க்கும் ஒன்றாக அழிக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது ஓடு பறந்த வீடுகளில், ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே நனைந்திருக்கும். திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் மூன்றாவது நகல் ஒன்று வெளி டிஸ்க்கில் இருக்கட்டும்; பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லிப் புதுப்பித்தால் போதும்.

கடைசியாக, டிஸ்க் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தையும் ஸ்டிக்கரில் எழுதி, கேபினெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் பக்கத்தில் ஒட்டுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ரீபூட்டுக்கு ரீபூட் மாறும். அதை நம்பி, செத்த டிஸ்க்கை விட்டுவிட்டு உயிரோடு இருப்பதைக் கழற்றியவர்கள் உண்டு.